வால் தாண்டிய நேரம்

காலை மணி ஐந்து நாற்பத்திரண்டு. பனி இறங்கியிருந்த சேலம் ரோட்டில் ஒரு லாரியின் வெளிச்சம் திரும்பியபோது முதலில் தெரிந்தது ஒரு திமில். பிறகு அதன் மேல் போர்த்தியிருந்த கோணிச்சாக்கு. பிறகு கொம்புகள். கயிற்றைப் பிடித்து வந்தவர் கடைசியாகத்தான் தெரிந்தார்.

நிமிடம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் என் அப்பா. அவர் தருமபுரி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். ஐந்து நாற்பதுக்கு முதல் டவுன் பஸ் எங்கள் வீட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் அன்று அவர் பல் துலக்குவதுகூடக் கோபமாக இருக்கும். அன்று பஸ் தாண்டியது. இரண்டு நிமிடம் கழித்து எருது வந்தது. அந்த வருடம் தை தொடங்கி மாசி முடியும் வரை ஏறக்குறைய எல்லாக் காலையிலும் அதே நேரத்துக்கு வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. நல்லம்பள்ளிக்குச் சற்று வெளியே ரோட்டோரம் இருந்த நான்கு ஓட்டு வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு மைல்கல். மைல்கல்லுக்குப் பின்னால் ஒரு மேட்டுக்காடு, மழையை நம்பி உழுகிற நிலம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை. தொப்பூர்க் கணவாய் ஏறி வந்த லாரிக்காரர்கள் அங்கே நிறுத்தி, எஞ்சின் சூடு ஆறும்வரை எதுவும் பேசாமல் டீ குடிப்பார்கள்.

எருதுக்காரர் எருதை மைல்கல்லில் கட்டிவிட்டு அந்தக் கடைக்குப் போவார். டீ முடிந்ததும் மேட்டுக்காட்டின் உழுத மண்ணில் அதை நடக்க விடுவார். புதைமண்ணில் நடந்தால் கால் இறுகும் என்பது கணக்கு. காடு அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். எருதைக் கூப்பிடுவதும் கன்னடத்தில்தான். "பாரோ, பாரோ" என்பார், அது வரும். அதன் பெயர் மயிலை. வெளுப்பும் சாம்பலும் கலந்த நிறம். கழுத்தருகே மட்டும் மழை மேகம் மாதிரிக் கறுத்திருக்கும்.

எருது விடும் திருவிழா என்றால் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர், வேறு மாவட்டத்துக்காரர்கள், அதைத் தெற்கத்தி ஜல்லிக்கட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய ஒரு நீளமான தெரு. ஒரு முனையில் எருதை அவிழ்த்துவிடுவார்கள். மறுமுனையில் சுண்ணாம்புக் கோடு. குறைந்த நேரத்தில் கோட்டைத் தாண்டிய எருதுக்குப் பரிசு. அவ்வளவுதான்.

என் வகுப்புப் பெண்கள் நடிகர்களின் படத்தை நோட்டில் ஒட்டினார்கள். நான் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மயிலையின் ஓட்டங்களை எழுதினேன். ஊர், நேரம், எத்தனையாவது இடம், அன்று வெயிலா மேகமா. அப்பாவுக்கு வார விடுமுறை வரும் நாளில் சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்துப் பக்கத்து ஊர் விழாக்களுக்குக் கூட்டிப்போவார். மயிலை ஓடுகிற தெருவில் கேட்கும் சத்தம் தனி. குளம்புச் சத்தம் அல்ல. எருது தாண்டிப் போகப் போகப் பின்னால் மூடிக்கொண்டே வரும் கூட்டத்தின் சத்தம். அது தாண்டியபின் முகத்தில் மண் அடிக்கும். அதன் வியர்வை வாடை கொஞ்ச நேரம் நிற்கும். நான் அதை நாலைந்து ஊர்களில் பார்த்தேன். ஒருமுறைகூட முழுதாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொண்டேன்.

இனி சொல்லப்போவதை நான் அப்பாவிடம் சொன்னதில்லை.

ஓடுகிற எருதுக்கு அடுத்தவர் கையால் தீனி வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது கண்டிப்பான வழக்கம். யாராவது எதையாவது கலந்து கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்று. கண்ணேறு இன்னொன்று. பருத்திக்கொட்டை, கொள்ளு, முட்டை எல்லாம் எருதுக்காரர் கையாலேயே வைப்பார். அவர் மனைவிகூட வைக்கமாட்டார்.

நான் வைத்தேன். முதல் நாள் ஒரு வாழைப்பழத் தோல். எருதுக்காரர் ரோட்டைக் கடந்து கடையில் உட்கார்ந்தபின், பின்வாசல் வழியாகப் போய் மைல்கல்லின் மறுபக்கம் குந்திக்கொண்டு நீட்டினேன். சூடான மூச்சு விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு நாக்கால் சுருட்டி இழுத்துக்கொண்டது. உள்ளங்கையில் உப்புத்தாள் தேய்த்தது போல இருந்தது. மறுநாள் மூன்று தோல்கள். பிறகு பள்ளி விட்டு வரும்போது டீக்கடைக் கூடையில் கிடக்கும் தோல்களைப் பொறுக்கி ஒரு மஞ்சள் பையில் சேர்க்கத் தொடங்கினேன். யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. மாப்பிள்ளை பெயர் அழிந்து, பெண் பெயர் மட்டும் மீதி இருந்தது. பத்து நாளில் மயிலை பையைக் கண்டாலே தலையை நீட்டியது.

இன்னும் பத்து நாளில் யாரும் இழுக்காமலே மைல்கல்லுக்கு வந்து நின்றது. இதை எருதுக்காரர் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

"நா டீ குடிக்கணும்னு அதுக்குத் தெரியுதுங்க. கல்லக் கண்டா நிக்கிது. நா ஒரு வார்த்த சொல்றதில்ல."

டீக்கடைக்காரர், "உனக்கு இருக்கற ஒரே புத்திசாலிச் சொந்தம் அதான்பா" என்றார்.

அவர் சிரித்தார். நானும் என் வீட்டு வாசலில் நின்று சிரித்தேன்.

மாசிப் பிறப்புக்குப் பின் ஒரு நாள் அண்ணன்காரரும் கடைக்கு வந்தார். தம்பியைவிடக் குட்டை. பேச்சும் குறைவு. அவர்களுடைய ஏர்மாட்டு ஜோடியில் ஒன்று ஐப்பசியில் கோமாரி வந்து செத்துப் போயிருந்தது. அன்று எங்கள் வீட்டில் டீத்தூள் தீர்ந்து, அம்மா என்னைக் கடைக்கு அனுப்பியிருந்தாள். பொட்டலம் கட்டும்வரை நின்று கேட்டேன்.

"ஒத்த மாட்ட வச்சு நா எப்பிடிடா ஏர் ஓட்டறது? மறு நொகத்துக்கு நானே கழுத்தக் குடுக்கட்டுமா? இது பருத்திக்கொட்ட தின்னுட்டு ராசா கணக்கா நிக்கிது."

"இந்த ஒரு வருசம்ணா. நம்மூரு விழா முடியட்டும்."

"மொத மூணுல வந்துச்சுன்னா இன்னொரு வருசம் வுடு, நா கேக்கல. வரலன்னா காயடிச்சு ஏருல பூட்டிரலாம்."

தம்பி கன்னடத்தில் ஏதோ வேகமாகச் சொன்னார். அண்ணன், "சாக்கு" என்றார். கன்னடத்தில் 'போதும்' என்று அர்த்தம். டீ டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

காயடிப்பது என்றால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். "பொட்டப்புள்ள கேக்கற கேள்வியா இது?" என்று அம்மா அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். மறுநாள் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். 

"அப்புறம் அது ஓடாது பாப்பா. நடக்கும்."

எங்கள் ஊர் விழாதான் அந்தப் பருவத்தின் கடைசி விழா. வழக்கமாக நேரம் பார்க்கிற உயர்நிலைப்பள்ளி டிரில் மாஸ்டருக்குக் கண்ணில் அறுவை செய்திருந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பஸ்ஸுக்கே நேரம் சொல்றவரு, மாட்டுக்குச் சொல்லமாட்டீங்களா? உங்க வார்த்தைன்னா நாலு ஊரும் ஒத்துக்குவாங்க."

உண்மைதான். ஒரு நிமிடத் தாமதத்துக்குக் கூடச் சலுகை காட்டாத ஆள் என்று அப்பாவை டிரைவர்கள் எல்லோரும் வைதார்கள். வைத பிறகு, பஞ்சாயத்து என்று வந்தால் அவரிடமே போனார்கள்.

டிரில் மாஸ்டரின் ஸ்டாப் வாட்ச் நீல வெல்வெட் வைத்த ஒரு பெட்டியில் வந்தது. உள்ளங்கை அகலம். ஒரு சுற்றுக்கு முப்பது வினாடி, வினாடிக்கு ஐந்து சிறு கோடு. அப்பா மூன்று நாள் மாலையும் ரோட்டில் நின்று பழகினார். ரோட்டோரப் புளியமரத்தை வண்டி தாண்டும்போது அமுக்குவார், மைல்கல்லைத் தாண்டும்போது நிறுத்துவார். லாரி, பஸ், ஒரு கல்யாண வேன். நான் பக்கத்தில் நின்று எழுதினேன். மைல்கல்லில் அவர் விரல் இறங்குவது வண்டியின் பின்விளக்கு கல்லைத் தாண்டிய பிறகுதான். அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. பஸ் நிலையத்தில் அவர் வேலையே அதுதான். வண்டியின் மூக்கு வெளியே போனால் வண்டி வெளியே போனதாக ஆகாது. மூக்கை நீட்டி நிறுத்திக்கொண்டு ஆள் ஏற்றுகிற டிரைவர்களை அவர் இருபது வருடமாகப் பார்த்துவிட்டார். கடைசி பம்பர் வாசற்கல்லைத் தாண்டினால்தான் பேரேட்டில் நேரம் ஏறும்.

விழா நாள் காலை அம்மா ஆட்சேபித்தாள்.

"ஏனுங்க, பொட்டப்புள்ளைய அந்தக் கூட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போறீங்களே? டாக்டரு மேல பொம்பளைங்களோட உக்காரட்டுமே." டாக்டர் என்றது டிராக்டரை.

"எம்பக்கத்துல நின்னா ஒண்ணும் ஆவாது. கோட்டுக்கிட்ட கூட்டமே இருக்காது. அங்க நிக்கறதுதான் பத்திரம்" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரி. கோட்டருகே கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கியிருந்தார்கள். தெருவின் மூங்கில் தடுப்புக்குப் பின்னால், சுண்ணாம்புக் கோட்டுக்கு நேராக, ஒரு மர ஸ்டூல் மேல் அப்பா. ஸ்டூலுக்கு முன்னால், மூங்கிலோடு ஒட்டி, நான். என் தோளில் மஞ்சள் பை. பையில் அப்பாவின் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், அடியில் ஏழு வாழைப்பழத் தோல். மயிலை ஜெயித்த பிறகு கொடுப்பதற்கு.

எட்டரை மணிக்குத் தொடங்கினார்கள். அந்த முனையில் சிவப்புத் துணி இறங்கும்போது அப்பா அமுக்குவார். எருது கோட்டைத் தாண்டியதும் நிறுத்தி, பஸ் ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி, மைக்காரருக்கு ஆள் அனுப்புவார். மைக்காரர் சும்மா இருக்கவில்லை. தயங்கித் தயங்கி வந்த ஓர் எருதைப் பார்த்து, "வருது, வருது, கடன் வாங்குன ஊருக்குள்ள வர்ற மாதிரி வருதுங்கோ!" என்றார். பாதியில் திரும்பி ஓடிய ஒன்றுக்கு, "பீடி மறந்துட்டு வந்துருச்சு, எடுக்கப் போவுது" என்றார். பதினோரு மணிக்குள் இருபதுக்கு மேல் ஓடிவிட்டன. அதுவரை முதலிடம் எட்டு புள்ளி எட்டு வினாடி. மூன்றாமிடம் ஒன்பது புள்ளி நாலு.

எருதுக்காரர் விழா விதிப்படி கோட்டுக்கு அப்பால், வெறும் வயலில், பிடிகயிற்றோடு நின்றிருந்தார். புதுவேட்டி. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன்காரர் அந்த முனையில் அவிழ்த்துவிட நின்றார்.

மயிலையின் கொம்புகளுக்கு மஞ்சளும் பச்சையும் பூசியிருந்தார்கள். துணி இறங்கியது. இந்த முறை கண்ணை மூடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடவில்லை. அது ஓடவில்லை, தரை அதன் கீழே பின்னால் இழுக்கப்பட்டது. பாதித் தெருவுக்கு மேல் மைக்காரரும் பேச்சை நிறுத்திவிட்டார். நான் தலையைத் திருப்பி அப்பாவின் கையைப் பார்த்தேன். முள் எட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. திரும்பியபோது அது கோட்டுக்கு வந்துவிட்டது. முன்னங்கால் இரண்டும் கோட்டுக்கு அப்பால்.

அங்கே நின்றது. நான்கு காலையும் ஊன்றி, பின்பாகம் இறங்க, மண்ணைப் பிறாண்டிக்கொண்டு நின்றது. தலையைத் திருப்பி மூங்கிலுக்குள் விட்டு என் பையை முகர்ந்தது.

பின்னங்கால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அப்பாவின் கட்டை விரல் வாட்சின் மேல் இருந்தது. அது இறங்கவில்லை.

புழுதி. எல்லோரும் கத்தினார்கள். எருதுக்காரர் "பாரோ! பாரோ!" என்று வயலில் இருந்து ஓடி வந்தார். என் கை பையை முதுகுப் பக்கம் தள்ளியது. அதற்குள் நாக்கு ஒரு தோலை எடுத்துவிட்டது. அவர் வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். எருது மென்றுகொண்டே நடந்தது. வால் கோட்டைத் தாண்டியது. அப்பா அமுக்கினார்.

"முப்பத்தி நாலு" என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கயிற்றைத் தாண்டி ஆட்கள் வந்தார்கள்.

"மூக்கு அப்பவே தாண்டிருச்சுங்க! எங்கண்ணால பாத்தங்க!"

"வால் தாண்டலையே" என்றார் அப்பா.

"வாலா? மாடு ஓடறது மூக்குல இருந்துங்களா வால்ல இருந்துங்களா?"

"முழுசாத் தாண்டுனாத்தான் தாண்டுன கணக்கு."

"யோவ், இதென்ன டவுன் பஸ்ஸா? அப்ப டிக்கெட்டும் கிழிச்சுக் குடு!"

சிரிப்பு எழுந்தது. அப்பா சிரிக்கவில்லை. கமிட்டித் தலைவர் வந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலைல இருந்து எல்லா மாட்டுக்கும் வாலுதான் பாத்தீங்களா?"

"எல்லாத்துக்கும்."

"அப்ப சரிதான். அளவு ஒண்ணுதானே."

அதோடு முடிந்தது. மூக்கு தாண்டிய நேரத்தை வேறு யாரும் அளந்திருக்கவில்லை. அப்போது வாட்சின் முள்ளைப் பார்த்தவர்கள் அப்பாவும் நானும்தான். அப்பா வாட்சைப் பூஜ்யத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் பேசவில்லை. அண்ணன்காரர் அந்த முனையிலிருந்து நிதானமாக நடந்து வந்து, ஒன்றும் கேட்காமல், கயிற்றைத் தம்பியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

எருது ஏன் நின்றது என்பதற்குக் கூட்டத்தில் பல காரணங்கள் கிடைத்தன. சாராயம் ஊற்றிவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. கண்ணேறு என்றது இன்னொன்று. கொம்புக்குப் பச்சைப் பெயிண்ட் ஆகாது என்று ஒருவர் சத்தியம் செய்தார். தடுப்போரம் நின்ற பெண்ணின் பையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தப் புழுதியில் எல்லோரும் அப்பாவின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணிக்கு உணவு இடைவேளை விட்டார்கள். அப்பா பையை வாங்கி டிபன் டப்பாவை எடுத்தார். டப்பாவின் அடியில் ஒரு தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பிய்த்துக் கீழே போட்டார். பையின் வாயை விரித்து உள்ளே பார்த்தார். பிறகு தயிர்சாதம் முழுவதையும் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவி, துடைத்து, பைக்குள் வைத்து என்னிடம் கொடுத்தார்.

"கூட்டமா இருக்குது. நீ வூட்டுக்குப் போ பாப்பா."

அவருக்குத் தெரியுமா என்று நான் முப்பது வருடம் கேட்கவில்லை. பிறகு கேட்க அவர் இல்லை. இப்போது அவருடைய அன்றைய வயதைக் கடந்து எனக்குப் பத்து வருடம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்தவர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அந்த அளவு என்ன என்பதை ஓட்டம் தொடங்கும் முன் அவர் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை என்பதைத்தான் மிகவும் தாமதமாகக் கவனித்தேன். என்னை அங்கே நிற்கவைத்தது பத்திரம் கருதி. யாருடைய பத்திரம் என்று அன்று யோசிக்க யாரும் இல்லை.

நான்கு நாள் கழித்து, அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் பஸ் நிலையம் போயிருந்தேன். டைம் கீப்பர் அறையில் எருதுக்காரர் உட்கார்ந்திருந்தார். அப்பா அவருக்கு டீ வரவழைத்திருந்தார்.

"நீங்க சொன்னது சரிதாங்க. எல்லாத்துக்கும் வாலுதான பாத்தீங்க. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க, நா அப்பிடி நெனைக்கலைன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தங்க."

அப்பா பேரேட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "மாடு எப்பிடி இருக்குது?" என்றார்.

"நேத்து மாட்டு டாக்டரு வந்தாருங்க. ஆச்சு. படுத்தே கெடக்குது, ரெண்டு நாள்ல எந்திரிச்சிரும்னாரு." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "என்னாத்துக்கு நின்னுச்சுன்னுதாங்க தெரியல. வேற எந்த ஊர்லயும் நின்னதில்ல. உங்கூட்டு மைல்கல்லுல தவிர."

என் தோளில் மஞ்சள் பை இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "நல்லாப் படிக்குதா பாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டார். படிக்கிறது என்று அப்பா சொன்னார். சேலம் வண்டி புறப்பட விசிலுக்குக் காத்து நின்றது. அப்பா எழுந்து வெளியே போனார். வண்டியின் பின்பக்கம் வாசற்கல்லைத் தாண்டும் வரை நின்றுவிட்டு வந்து நேரம் எழுதினார்.

அடுத்த வருடம் கமிட்டியிலிருந்து வந்தபோது, கண்ணில் தண்ணீர் வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஸ்டாப் வாட்ச் பள்ளிக்குத் திரும்பிப் போனது. பிறகு அது என்ன ஆனது என்று பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. கணக்கு நோட்டை அந்தக் கோடை விடுமுறையில் பழைய பேப்பர்காரர் எடைக்குக் கொண்டுபோனார். மஞ்சள் பையை அம்மா கரித்துணியாகக் கிழித்தாள். மைல்கல்லை ரோடு அகலமானபோது பிடுங்கிவிட்டார்கள்.

விழா நடந்த அந்த வருடம், ஆனியில் முதல் மழை பெய்ததும் மேட்டுக்காட்டில் அண்ணன்காரர் ஏர் ஓட்டினார். மயிலை வலப்பக்கம். கொம்பில் பச்சைப் பெயிண்ட் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஏர் ரோட்டோரம் வரும்போது, மைல்கல்லுக்கு நேராக அது நின்றது. அவர் அடித்தார். நகர்ந்தது. அடுத்த உழவுச் சாலிலும் நின்றது. நான் சன்னல் கதவைச் சாத்தினேன். அடி விழும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து நின்றது.

அந்த ஆண்டு அவர்கள் நிலக்கடலை விதைத்தார்கள். மைல்கல்லுக்குப் பின்னால், நாலு சால் அகலத்துக்கு, உழாமல் விட்டிருந்தார்கள்.